"எழுதிக் குடுத்துட்டு கூட்டிட்டுப் போறோம்": ஐசியுவின் கடைசி முடிவுகள், தர்மபுரி – கிருஷ்ணகிரி

#1 · பாலக்கோட்டு வாசகன்

நம்ம ரெண்டு மாவட்டத்திலும் ஐசியுவில் ஒருத்தர் தேறமாட்டார்னு ஆனதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்குது. டாக்டர் கை விரிப்பார். "மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்"னு ஒரு தாளில் கையெழுத்து. பிறகு ஆம்புலன்ஸ், கையில் ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற பை), ஊர் வாசலில் ஏற்கெனவே போட்டு வெச்ச சாமியானா.

மீள வாய்ப்பில்லாதவருக்கு உயிர்காப்புக் கருவிகளை விலக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9லயே சொல்லிடுச்சு. 2023 ஜனவரி 24ல் நடைமுறையையும் எளிதாக்கிட்டாங்க. அப்புறமும் ஏன் எல்லாரும் அந்தப் பழைய தாளிலேயே கையெழுத்துப் போடுறோம்? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம், அது தனி இழையில் ஓடிக்கிட்டிருக்கு.

#2 · ராகிக்களி

ஏன்னா பல ஊரில் வெளியே போன உயிருக்கு உடம்பை வீட்டுக்குள்ளே ஏத்த மாட்டாங்க, வாசத்திண்ணையோடு சரி. மூச்சு இருக்கும்போதே நடுவீட்டில் படுக்க வெச்சு, பேரன் பேத்தி கையால் நாலு சொட்டு பால் ஊத்தணும். இதை எந்தத் தீர்ப்பும் மாத்தாது. மருத்துவமனைக்காரங்களுக்கும் அது வசதி. சாவுக் கணக்கு அவங்க பேரில் ஏறாது.

#3 · சுவாசக்குழாய்

ராகிக்களி அண்ணா சொன்ன ரெண்டு காரணமும் உண்மை. ஆனா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதும் மருத்துவமனைக்குள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா யோசிப்பீங்க.

"எழுதிக் கொடுத்து" போறவரை கேஸ் ஷீட் சிகிச்சையை மறுத்தவராகத்தான் பார்க்கும். அதனால் சிரிஞ்ச் பம்பில் ஓடிக்கிட்டிருந்த நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து), மயக்க மருந்து, வலி மருந்து எல்லாம் வாசலிலேயே நின்னுடும். வழிக்குத் தேவையான வலி மருந்து மார்ஃபினோ, மயக்க மருந்து மிடசோலமோ யாரும் எழுதித் தர மாட்டாங்க. தொண்டைக்குழாயோடு ஒருத்தர் அரைமயக்கத்திலிருந்து விழிச்சுக்கிட்டே வண்டியில் போவார். குழாயைத் தாங்கவே மயக்க மருந்து வேணும்னு ஐசியுவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

முறைப்படி விலக்கினா தலைகீழ். முதலில் வலி மருந்து, மூச்சுத்திணறல் மருந்து. அது வேலை செய்யுதான்னு பார்த்த பிறகுதான் கருவி. ரெண்டிலும் உயிர் போகப் போகுது, ஆனா அது எப்படிப் போகுதுங்கிறதில்தான் வித்தியாசம் கிடக்கு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துடலாம். ஊசி போட்டு உயிரை எடுக்கிறது இந்தியாவில் குற்றம். 2011 அருணா ஷான்பாக் தீர்ப்பிலும் சரி, 2018லும் சரி, அது அனுமதிக்கப்படலை. அனுமதி ரெண்டுக்குத்தான்: தொடங்காமல் இருப்பது, தொடங்கினதை விலக்குவது. நோய் தன் போக்கில் முடியும்.

#4 · சைரன்

வண்டிக் கணக்கை நான் சொல்றேன். சின்ன ஆம்புலன்ஸில் இருக்கிறது பி டைப் சிலிண்டர். நிரம்பி இருந்தா 1500 லிட்டர் ஆக்ஸிஜன். ஆம்பு பைக்கு நிமிஷத்துக்கு 15 லிட்டர் வெச்சா 100 நிமிஷம், 10 வெச்சா 150 நிமிஷம். பெங்களூரு ஓசூர் ரோட்டிலிருந்து பென்னாகரம் பக்கத்து ஊருக்கு நாலு மணி நேரம் வெச்சுக்கோங்க, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசல் தனி. ஒரு சிலிண்டரில் கிருஷ்ணகிரியைத் தாண்டுறதே சந்தேகம். டி டைப்பா இருந்தா 7000 லிட்டர், 15 லிட்டர் ஓட்டத்தில் ஏழரை மணிக்கு மேல் வரும். அதனால் வண்டி பேசும்போது வாடகையைக் கேக்குற அதே மூச்சில் "எந்த சிலிண்டர், எத்தனை, மீட்டர் முள் எங்க நிக்குது"ன்னு கேளுங்க.

சிலிண்டர் தீர்ந்தாலும் பை வேலை செய்யும், வெறும் காத்தை 21 சதவீதத்தில் தள்ளும். 80 சதவீத ஆக்ஸிஜனில் இருந்த நுரையீரலுக்கு அது எந்த மூலைக்கு.

பையை நிமிஷத்துக்கு 10 தடவை அழுத்தணும். நாலு மணி நேரத்துக்கு 2400 தடவை. ஒரே ஆள் முடியாது. பதட்டத்தில் 30, 40ன்னு வேகமா அழுத்துவாங்க. காத்து வெளியே வர நேரமில்லாம நெஞ்சில் தேங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, சூளகிரி பக்கத்திலேயே முடிஞ்சிடும். அப்புறம் குடும்பம் "வழியிலயே போயிட்டாரு, வீடு வந்து சேரலை"ன்னு வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லி அழும்.

இன்னொண்ணு. வீட்டில் குழாயை யார் எடுக்கிறது? டெக்னீஷியன் எடுப்பான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அவனுக்கு அதுக்கு எந்த உத்தரவும் கிடையாது.

#5 · ராகிக்களி

எல்லாம் சரி தம்பி. ஆனா தனியாரில் "செத்த உடம்பை மிஷினில் வெச்சு பில் போடுறான்"னு சனங்க சொல்றது சும்மாவா? அந்த பயத்திலதான் பாதிப்பேர் எழுதிக் குடுத்துட்டு ஓடுறான்.

#6 · இரவுப்பணி

செத்த உடம்பை நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைக்க முடியாதுங்க. இதயம் நின்ன சில மணி நேரத்தில் தாடை, கழுத்து விறைக்க ஆரம்பிச்சிடும், முதுகுப் பக்கம் ரத்தம் தேங்கி நிறம் மாறும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். சனங்க கேக்க வேண்டியது வேற: "உயிர் இருக்கு, சரி. திரும்பி வர வழி இருக்கா, இல்ல இழுத்துக்கிட்டே இருக்கீங்களா?" இதுக்குப் பதில் படுக்கையடி சார்ட்டிலேயே இருக்கு. தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், இந்த அஞ்சையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்க.

ஒண்ணு, வென்டிலேட்டரில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம். 40க்கு இறங்குதா, 100லயே நிக்குதா.
ரெண்டு, நார்அட்ரினலின் எவ்வளவு ஓடுது, நேத்தைவிடக் கூடவா குறைவா. கிலோவுக்கு, நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோகிராம் ஒரு நிலை, 0.5ஐத் தாண்டி ரெண்டாவது மூணாவது மருந்து சேர்ந்திருக்குன்னா வேற நிலை.
மூணு, மூத்திரம் மணிக்கு எவ்வளவு. கிலோவுக்கு அரை மில்லிக்குக் கீழே விடாம போனா சிறுநீரகம் கைவிடுது.
நாலு, ஜிசிஎஸ் (நினைவை அளக்கிற மதிப்பெண்) எத்தனை. 15 முழு நினைவு, 3 அடிமட்டம். குழாய் போட்டிருந்தா பேச்சு மதிப்பெண் போட முடியாது, எண்ணோட "டி"ன்னு எழுதுவாங்க.
அஞ்சு, மயக்க மருந்து இப்போ ஓடுதா. இதைக் கேக்காம நாலாவதுக்கு அர்த்தமே இல்லை.

மூணு நாள் எண்ணை வரிசையா பார்த்தா டாக்டர் சொல்லாமலே போக்கு புரியும். ஒரு நாள் எண்ணை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

#7 · சுவாசக்குழாய்

சிஸ்டர் எழுதின அஞ்சாவதை அடிக்கோடு போட்டு வைங்க. நம்ம மாவட்டங்களில் அவசர முடிவு எங்கே தப்பாகும்னு விரிவா சொல்லணும், ஏன்னா இந்த இழையைப் படிச்சுட்டு நாளைக்கே யாராவது "விலக்கிடுங்க"ன்னு போய் நிக்கக்கூடாது.

முதலாவது கட்டுவிரியன் கடி. ராத்திரி தரையில் படுத்திருந்தவர், கடிச்ச தடமே தெரியாது, விடிகாலையில் வயித்துவலி, இமை தொங்கல், அப்புறம் மூச்சு நிக்கும். ஐசியுவில் பார்த்தா கண்பாவை விரிஞ்சு வெளிச்சத்துக்கு அசையாது, கிள்ளினா அசைவில்லை, இருமல் இல்லை. அச்சு அசலா மூளைச்சாவு மாதிரியே இருக்கும். ஆனா மூளைக்கு ஒண்ணும் ஆகலை. நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் நடுவில் கதவைச் சாத்தியிருக்கு. நீங்க பேசுறது அவர் காதில் விழக்கூடும். விஷமுறிவு மருந்தோடு வென்டிலேட்டரில் சில நாள், சிலருக்கு ரெண்டு வாரம் தாங்கினா நடந்தே வீட்டுக்குப் போவார். இவரை எழுதிக் கொடுத்துக் கூட்டிப் போனா அது கொலைக்குச் சமம்.

ரெண்டாவது பூச்சிமருந்து, ஆர்கனோபாஸ்பரஸ் வகை. முதல் நாள் அட்ரோபின்ங்கிற முறிவு மருந்தில் தேறி எழுந்து உட்கார்ந்தவர், 1 முதல் 4 நாளுக்குள் திடீர்னு கழுத்தைத் தூக்க முடியாம ஆகி மூச்சு நிக்கும். இடைநிலைத் தளர்ச்சின்னு பேர். குடும்பம் "மறுபடி மிஷினா, இனி தேறாது"ன்னு மனசு விடுறது இந்தக் கட்டத்தில்தான். இதிலும் ஒண்ணு ரெண்டு வாரம் பொறுத்தா பெரும்பாலும் மீளலாம். அட்ரோபின் ஓடும்போது கண்பாவை விரிஞ்சிருக்கும், அது மருந்தால் வர்றது. "கண்ணு நிலைகுத்திடுச்சு"ன்னு பயப்படுறதில் பாதி இதுதான்.

மூணாவது இதயம் நின்னு சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கிற முதலுதவி) கொடுத்து மீட்டவர். மூளை எவ்வளவு தப்பிச்சதுன்னு 72 மணி நேரத்துக்கு முன்னாடி யாரும் தீர்மானிக்கக்கூடாது. அதுவும் மயக்க மருந்து முழுக்க வெளியேறின பிறகு. சிறுநீரகம், ஈரல் கெட்டவருக்கு மருந்து வெளியேற இன்னும் நாளாகும்.

இதுக்கெல்லாம் நேர் எதிர், பாராகுவாட் களைக்கொல்லி. குடிச்சவர் முதல் ரெண்டு நாள் தெளிவா பேசுவார், வாய் புண், தொண்டை எரிச்சல், பிறகு சிறுநீரகம், அப்புறம் நுரையீரல் நாராகிச் சுருங்கும். ஆரம்பத்தில் ஆக்ஸிஜன் அதிகமா கொடுத்தா நுரையீரல் இன்னும் கெடும். வென்டிலேட்டர் கடைசியில் பெரிய பலன் தராது. இங்கே கவனிக்க வேண்டியது, நோயாளி கடைசிக்குக் கிட்ட வரை நினைவோடு இருக்கார். அவரை உள்ளே படுக்க வெச்சுட்டு வெளியே சித்தப்பா பெரியப்பாவிடம் மட்டும் முடிவு கேக்குறது தப்பு. அதே சமயம் "அவரே சாகணும்னுதானே குடிச்சார், விட்டுடலாம்"ங்கிறதும் செல்லாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார்னு கொள்ளணும், அவருக்குச் சிகிச்சை தர வேண்டியது அரசின் கடமைன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவு சொல்லுது.

#8 · ஊத்தங்கரை மாங்கா

அப்போ மூளைச்சாவுன்னு உறுதியா எப்படிச் சொல்றாங்க? தொப்பூர் கணவாய் விபத்துன்னா உடனே அந்த வார்த்தையைத்தான் கேக்குறோம்.

#9 · சுவாசக்குழாய்

அது 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி தனி நடைமுறை. நாலு மருத்துவர் கையெழுத்து வேணும், உறுப்பு மாற்று அறுவை செய்யுற குழுவில் யாரும் அதில் இருக்கக்கூடாது. மூளைத்தண்டு அனிச்சைகள் (கண்பாவை அசைவு, இருமல் மாதிரி தானா நடக்கிறவை) எல்லாம் இல்லைன்னு ரெண்டு தடவை சோதிக்கணும், நடுவில் குறைஞ்சது 6 மணி இடைவெளி. வென்டிலேட்டரைக் கழட்டி, ஆக்ஸிஜன் மட்டும் விட்டு, ரத்தத்தில் கரியமில வாயு அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தொட்டும் நெஞ்சு அசையலைன்னா மூச்சுச் சோதனை முடிவு. உடம்பு குளிர்ந்திருந்தா, மயக்க மருந்து, நஞ்சு இருந்தா சோதனையையே தொடங்கக்கூடாது. மேலே சொன்ன கட்டுவிரியன் அதனால்தான் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார்.

இந்த இழையின் பேச்சு வேற: மூளை சாகலை, ஆனா மீளவும் மாட்டார். ரெண்டையும் கலந்தா வார்டில் பெரிய சண்டை வரும்.

#10 · கோர்ட்வாசல்

சட்ட நடைமுறை. 2018 தீர்ப்பில் ஜேஎம் கோர்ட் மாஜிஸ்திரேட் எதிர்க்கையெழுத்துப் போடணும்னு இருந்தது. ஒருத்தரும் அந்தப் பக்கம் போகலை. 2023ல் அதை எடுத்துட்டாங்க. இப்போ:

முன்கூட்டியே எழுதி வைக்கிற மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருந்தா போதும். ரெண்டு சாட்சி முன்னால் கையெழுத்து. அப்புறம் நோட்டரி, இல்லைன்னா பச்சை மை கெஜட்டட் அதிகாரி சான்று. முத்திரைத்தாள் கட்டாயம்னு தீர்ப்பில் எங்கேயும் இல்லை. பேச முடியாமப் போனா யார் பேசணும்னு ஒருத்தரோ அதுக்கு மேலோ பேர் சொல்லணும். எப்போ வேணா எழுத்தில் ரத்து செய்யலாம். ரெண்டு ஆவணம் இருந்தா கடைசியா கையெழுத்துப் போட்டதுதான் செல்லும்.

ஆஸ்பத்திரியில் முதல்நிலைக் குழு. சிகிச்சை தர்ற டாக்டர், கூட அந்தத் துறையில் 5 வருஷ அனுபவம் உள்ள ரெண்டு பேராவது. அவங்க "விலக்கலாம்"னா, ரெண்டாம்நிலைக் குழு: மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கிற ஒரு டாக்டர், முதல் குழுவில் இல்லாத ரெண்டு நிபுணர்கள். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணிக்குள் கருத்து சொல்லணும். செயல்படுத்துறதுக்கு முன்னால மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். அனுமதி கேக்க வேண்டியதில்லை, தகவல் போனா போதும். குழு மறுத்தா உயர்நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 226வது பிரிவில் போகலாம்.

எதுவும் எழுதி வைக்காதவருக்கும் இதே வழிதான். நெருங்கின சொந்தம் எழுத்துபூர்வமா சம்மதிக்கணும். பலர் "உயில் மாதிரி ஒண்ணு இல்லைன்னா முடியாது"ன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை.

#11 · பாலக்கோட்டு வாசகன்

வக்கீல் சார், "மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர்"னு தமிழ்நாட்டில் ஒரு பதவியே இல்லையே. நமக்கு இருக்கிறது நலப்பணிகள் இணை இயக்குநர், மருத்துவக் கல்லூரிக்கு டீன். யார் நியமிப்பாங்க?

#12 · கோர்ட்வாசல்

சரியான இடத்தைப் பிடிச்சீங்க. நடைமுறையில் இழுபறி ஆகுறது இங்கதான். என் கருத்தில் இணை இயக்குநருக்கு எழுதி, நகலை டீனுக்கும் போடுறதுதான் பாதுகாப்பு. ஆஸ்பத்திரிதான் எழுதணும், குடும்பம் அலையக்கூடாது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் எழுதிட்டு 48 மணி கணக்குப் பார்க்கிறதில் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு ஐசியுவும் நிபுணர் பேரையெல்லாம் முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கலாம், அதைத் தடுக்கிற விதி ஏதுமில்லை. அரூர், காவேரிப்பட்டணம் மாதிரி ஊரில் 20 கட்டில் ஆஸ்பத்திரிக்கு 5 வருஷ அனுபவமுள்ள நாலு நிபுணரைத் தேடுறது நடக்காத காரியம். அவங்களுக்குத் தர்மபுரி மருத்துவக் கல்லூரியோ, போலுப்பள்ளியில் இருக்கிற கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரியோதான் கதி.

ஓசூர்க்காரங்க ஒண்ணு கவனிங்க. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருவில் சேர்த்திருந்தா அது கர்நாடக நடைமுறை. அங்கே 2025 ஜனவரியில் அரசே சுற்றறிக்கை போட்டு, மாவட்ட சுகாதார அலுவலர் ரெண்டாம் குழுவுக்கு ஆளை நியமிக்கணும்னு தெளிவாக்கிட்டாங்க. அங்க கேட்டா "எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்ல முடியாது.

#13 · ராகிக்களி

ரெண்டு குழு, மாஜிஸ்திரேட், தபால்... அதுக்குள்ள காரியம் முடிஞ்சு கருமாதியே வந்துடும். சரி, எல்லாம் கிடைச்சதுன்னே வைங்க. அந்த அறையில் என்ன நடக்கும்? அந்தப் பால் விஷயத்துக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலை.

#14 · இரவுப்பணி

சொல்றேன் அண்ணா.

மூலைக் கட்டில் இல்லைன்னா திரை. ரெண்டு பேர்தான் உள்ளேங்கிற விதியை அன்னைக்குத் தளர்த்தணும், அது வார்டு பொறுப்பு டாக்டர் கையில் இருக்கு. முதலில் கையைக் கட்டிலோடு கட்டியிருக்கிற துணியை அவிழ்ப்போம். குடும்பத்துக்கு மனசு உடையுறது குழாயைப் பார்த்து இல்லை, அந்தக் கட்டைப் பார்த்துத்தான். பிபி பட்டை, வேண்டாத ஊசிவழிகள் எடுத்துடுவோம். ஒரு வழி மட்டும் மருந்துக்கு இருக்கும். மானிட்டர் சத்தத்தை நிறுத்தி, திரையை எங்க மேஜைப் பக்கம் திருப்பி வைப்போம். இல்லைன்னா எல்லாரும் முகத்தை விட்டுட்டு எண்ணையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க.

மூக்குக் குழாய் வழி உணவைச் சில மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், வாந்தி வராம. தசையைத் தளர்த்துற மருந்து ஓடியிருந்தா அது முழுக்க இறங்கணும். இதில் சமரசமே கிடையாது. தசை செயலிழந்தவர் திணறினாலும் வெளியே தெரியாது, பார்க்கிறவங்க "அமைதியா போயிட்டாரு"ன்னு நினைச்சுக்குவாங்க. அப்புறம் டாக்டர் மேற்பார்வையில் மார்ஃபின் 2 – 5 மில்லிகிராம் நரம்பில், தேவைன்னா மிடசோலம் 1 – 2. சிறுநீரகம் கெட்டிருந்தா மார்ஃபின் தேங்கும், ஃபென்டனில் பார்ப்பாங்க. தொண்டையில் கரகரப்புச் சத்தம் வராம இருக்க கிளைக்கோபைரோலேட் 0.2. அந்தச் சத்தம் நோயாளியைவிட உறவுக்காரங்களைத்தான் வாட்டும், அதை முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

மூச்சு எண்ணிக்கை, புருவச் சுளிப்பு ரெண்டும் அடங்கின பிறகுதான் வென்டிலேட்டரைப் படிப்படியா குறைப்பாங்க, ஆக்ஸிஜன் 21க்கு வரும். குழாயையும் எடுக்கலாம், விட்டும் வைக்கலாம். கழுத்து வீங்கியிருந்தா எடுக்காம இருக்கிறது நல்லது, அடைச்சுக்கிட்டு சத்தம் வரும். சிலருக்கு நிமிஷங்களில் முடியும், சிலர் ஒரு நாள்கூட இருப்பாங்க. "அரை மணியில முடிஞ்சிடும்"னு யாரும் வாக்கு கொடுக்கக்கூடாது.

பால்: குழாய் இருந்தாலும் இல்லாட்டியும் பஞ்சை நனைச்சு உதட்டிலயும் ஈறிலயும் தடவலாம். தலையை 30 டிகிரி உயர்த்தி, பக்கவாட்டில் சாய்ச்சு, அஞ்சாறு சொட்டு. டம்ளரில் ஊத்தக்கூடாது, அவ்வளவுதான். துளசித் தண்ணி, ஜம்ஜம் தண்ணி, திருநீறு, எண்ணெய் பூசுறது, எதுக்கும் பொதுவா ஐசியுவில் தடை இருக்காது. விளக்கு மட்டும் ஏத்த முடியாது, ஆக்ஸிஜன் இருக்கு.

#15 · ராகிக்களி

விளக்குக்கு பேட்டரி ஒண்ணு வாங்கிக்கலாம் விடுங்க. பால் கிடைக்கும்னா நான் பாதி இறங்கி வர்றேன். ஆனா பங்காளிங்க? துபாயில இருக்கிற மகன் போனில் "எல்லாம் பாருங்க, எத்தனை லட்சம் ஆனாலும்"பான். பக்கத்தில் இருந்து கடன் வாங்குற மகள் வாயைத் திறக்க மாட்டா. இதுக்கு எந்தக் குழு தீர்ப்பு சொல்லும்?

#16 · சுவாசக்குழாய்

சொந்தத்தில் யார் சொல்லுக்கு முதலிடம்னு வரிசை எதுவும் தீர்ப்பில் இல்லை. அதனால் ஒருத்தர் மறுத்தாலும் ஆஸ்பத்திரி பின்வாங்கும். இதுக்குத்தான் "கெடு வைக்கிறது" உதவும். "விலக்கலாமா"ன்னு முதல் நாளே கேக்காம, "இன்னும் மூணு நாள் எல்லாம் செய்வோம், ஆக்ஸிஜன் 60க்குக் கீழே வரணும், பிபி மருந்து பாதியாகணும், வரலைன்னா திரும்ப உட்காருவோம்"னு எண்ணோடு, தேதியோடு பேசணும். துபாய் மகனை வீடியோவில் சேர்த்துக்கோங்க. அவர் கோபத்தில் பாதி, பக்கத்தில் இல்லையேங்கிற குற்ற உணர்ச்சி.

டாக்டர்கள் பக்கமும் தப்பு இருக்கு. "எடுத்துடலாமா, என்ன சொல்றீங்க?"ன்னு நிக்க வெச்சு, வராந்தாவில் கேட்டா எந்தப் பிள்ளை "எடுங்க"ன்னு சொல்லும்? கேக்க வேண்டிய கேள்வி "அப்பா இப்போ பேச முடிஞ்சா என்ன கேப்பார்?" பரிந்துரையை டாக்டர் தன் வாயால் சொல்லணும், பாரத்தைக் குடும்பத்து தலையில் இறக்கக்கூடாது. உட்கார்ந்து அரை மணி நேரம், ஒரு நர்ஸ் கூட, யார் யார் இருந்தாங்க, எத்தனை மணிக்கு, என்ன முடிவுன்னு கேஸ் ஷீட்டில் பதிவு. "இனி ஒண்ணும் செய்ய முடியாது"ங்கிற வாக்கியம் உண்மையும் இல்லை. வலி, திணறல், வாய் உலர்வு எல்லாத்துக்கும் செய்ய வேண்டியது இருக்கு.

சிபிஆர் வேண்டாம்ங்கிற முடிவு இதைவிடச் சின்னது, முன்னாடியே எடுக்கலாம். அதுக்கான வழிகாட்டுதலை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020ல் படிவத்தோடு வெளியிட்டிருக்கு. நெஞ்சை 5 – 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 – 120 தடவை அழுத்தும்போது 80 வயசு எலும்பு முறியும். புற்று பரவிக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறவருக்கு அதில் கிடைக்கிறது முறிஞ்ச விலா எலும்பு மட்டும்தான். ஆனா "சிபிஆர் வேண்டாம்"னு எழுதினா ஆன்டிபயாடிக், ஊட்டம், ரத்தம் எதுவும் நிக்காது. வார்டிலேயே சிலர் இதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு ரவுண்ட்ஸில் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போறாங்க. கண்டிக்க வேண்டிய பழக்கம்.

காசு காரணம்னா அதைக் காசு காரணம்னே சொல்லுங்க. முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் இருக்கு, சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டம் இருக்கு, அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாத்தலாம். காசில்லாததை "மீள வாய்ப்பில்லை"ன்னு எழுதக்கூடாது.

#17 · கோர்ட்வாசல்

விபத்து, விஷம், பாம்புக்கடி, தீக்காயம் எல்லாம் போலீஸ் கேஸ். இதில் எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போய், அங்கே இறந்ததும் எரிச்சுட்டா பிரேதப் பரிசோதனை அறிக்கை கிடையாது. அப்புறம் விபத்து இழப்பீட்டு வழக்கில் "விபத்தால்தான் இறந்தார்"னு நிரூபிக்கத் திண்டாடணும். பாம்புக்கடி நிவாரணத்துக்கும் அதே கதி. வீட்டில் இறந்தாலும் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லணும். இறப்புப் பதிவு 21 நாளுக்குள்.

சிஸ்டருக்குத் தெரிஞ்சதுதான், குடும்பங்களுக்காகச் சொல்றேன்: போலீஸ் கேஸில் இறந்த பிறகு உடம்பிலிருக்கிற குழாய்களை எடுக்க மாட்டாங்க, பிரேதப் பரிசோதனை டாக்டர் பார்க்கணும். அதுக்காக வார்டில் சண்டை போடாதீங்க.

#18 · சைரன்

வீட்டில்தான் போகணும்னா இப்படிச் செய்யலாம்: குழாய் இல்லாம, முகக்கவச ஆக்ஸிஜனோடு, மருந்து கையில் வாங்கிக்கிட்டுப் போறது. டிஸ்சார்ஜ் சீட்டில் "ஆலோசனைக்கு எதிராக"ன்னு இல்லாம "ஆறுதல் சிகிச்சைக்காக வீட்டுக்கு"ன்னு எழுதி வாங்குங்க. ஆஸ்பத்திரியில் இறந்தா உடலைக் கொண்டுபோக 108 வராது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து இலவச அமரர் ஊர்திக்கு 155377.

#19 · இரவுப்பணி

சைரன் தம்பி சொன்னதுக்குத் துணையா ஒண்ணு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கினது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான். பிபி, சர்க்கரை மாத்திரைத் திட்டம்னு மட்டும் நினைக்கிறோம். படுக்கையில் இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வர்ற ஆறுதல் சிகிச்சை செவிலியரும் அதில் உண்டு. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்க.

மார்ஃபின் மாத்திரை சாதாரண மெடிக்கலில் கிடைக்காது, 2014 போதைப்பொருள் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இருப்பு வைக்கலாம். திணறலுக்கு 2.5 – 5 மில்லிகிராமிலதான் டாக்டர்கள் ஆரம்பிப்பாங்க, 4 மணிக்கொரு தடவை. கூடவே மலமிளக்கி எழுதி வாங்குங்க. அதை விட்டுட்டா நாலாவது நாள் வயிறு உப்பி, அதுக்காகவே மறுபடி ஆஸ்பத்திரி.

#20 · பாலக்கோட்டு வாசகன்

வக்கீல் சார், ஒரு மாதிரி ஆவணம் எழுதிப் பார்த்தேன். திருத்துங்க:

"எனக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். வென்டிலேட்டர் வைக்கக்கூடாது. என் மூத்த மகன் சொல்வதே முடிவு. வலி தெரியாமல் என்னை அனுப்பி வையுங்கள்."

#21 · கோர்ட்வாசல்

நாலு வரியிலும் சிக்கல்.

முதல் வரியை வெச்சு ஆறுதல் சிகிச்சையையே மறுக்கலாம். "மீள வாய்ப்பில்லை என்று மருத்துவக் குழுக்கள் முடிவு செய்த நிலையில், இறப்பைத் தள்ளிப்போட மட்டும் உதவும் சிகிச்சை வேண்டாம். வலி, மூச்சுத்திணறல் தணிக்கும் சிகிச்சை தொடர வேண்டும்"னு மாத்துங்க. ரெண்டாவது வரி இருந்தா கட்டுவிரியன் கடிக்கும் வென்டிலேட்டர் போட யோசிப்பாங்க, முதல் வரியின் நிபந்தனையோடு சேர்த்து எழுதுங்க. டயாலிசிஸ், சிபிஆர், தொண்டையில் துளை, குழாய் வழி உணவு ஒவ்வொண்ணையும் தனித்தனியா சொல்லுங்க.

மூணாவதில் பேர், உறவு, போன் நம்பர், அவர் கிடைக்கலைன்னா அடுத்தவர் பேர். மூத்த மகன்ங்கிறதுக்காகப் போடாதீங்க, பக்கத்தில் இருக்கிறவர், தைரியமா பேசுறவர் யாரோ அவரைப் போடுங்க. மகளாவும் இருக்கலாம், சட்டத்தில் வித்தியாசம் இல்லை. நாலாவதை அடிச்சுடுங்க, "அனுப்பி வையுங்கள்"ங்கிற வார்த்தையை ஊசி போடச் சொல்றதா யாராவது படிப்பாங்க.

"பின்விளைவுகளைப் புரிந்துகொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும் உரிமை எனக்கு உண்டு" – இது கண்டிப்பா வேணும். ஒரு நகல் பேர் போட்டவர்கிட்ட, ஒண்ணு வழக்கமா பார்க்கிற டாக்டர்கிட்ட, ஒண்ணு ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில்.

#22 · ராகிக்களி

அசலை எங்க வைக்கிறது? பீரோவிலா?

#23 · இரவுப்பணி

பீரோவில் வெச்சா பதினாறாம் நாள்தான் கண்டுபிடிப்பாங்க அண்ணா. ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, பழைய ஸ்கேன் எல்லாம் போட்டு ஒரு மஞ்சப்பை மாட்டி வெச்சிருப்பீங்களே, 108 வந்து நின்னதும் கையில் எடுக்கிற பை, அதில் மேலாக வைங்க.